வேலியோரக் கீரி: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2
காலை வெயில் ஏறியதும் கீரி வந்துவிட்டது. மூக்கைத் தரையோடு உரசிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும், முன்னங்கால் நகங்களால் மண்ணைப் பறித்து எதையோ மொறுமொறுவென்று மெல்லும். அது போன பிறகு வேலிமுள்ளில் சிக்கியிருந்த முடியை எடுத்துப் பார்த்தேன். ஒரே முடியில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வளையங்கள்! காய்ந்த புல்லில் அது கண்ணுக்குத் தட்டுப்படாததற்குக் காரணம் இதுதான்.

ஆகஸ்ட் 3
எச்சத்தைக் குச்சியால் கிளறினேன். வண்டுகளின் இறக்கை ஓடுகள், எலி மயிர், ஒரு பழக்கொட்டை. பாம்பின் செதில் ஒன்றுகூட இல்லை. கீரி என்றாலே நமக்குப் பாம்புதான் நினைவுக்கு வருகிறது. அதன் அன்றாட வயிற்றுப்பாடோ பூச்சியும் எலியும்தான்.

ஆகஸ்ட் 5
கடிபட்ட கீரி மூலிகை தின்று பிழைக்கும் என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. "அது தேடிப்போக வேண்டியதில்லை தாத்தா, அதன் உடம்பிலேயே இருக்கிறது" என்றேன். நாகத்தின் நரம்பு நச்சு, நரம்பின் கட்டளையைத் தசையில் வாங்கிக்கொள்ளும் புரதமான அசிட்டைல்கோலின் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு தசையை முடக்கும். கீரியின் ஏற்பியில் அந்த இடத்தின் அமைப்பே வேறு. புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் சில மாறியிருக்கின்றன, சர்க்கரைச் சங்கிலி ஒன்றும் குறுக்கே நிற்கிறது. நச்சுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆனாலும் நஞ்சு அளவுக்கு மீறி ஏறினால் கீரியும் சாகும். அதனால்தான் அது கடிபடாமல் இருக்கவே பார்க்கிறது. முடியைச் சிலிர்த்து உடம்பைப் பெரிதாகக் காட்டும். பாம்பின் பல் வெறும் முடியில் பதியும். திரும்பத் திரும்பக் கொத்தவிட்டுப் பாம்பு ஓய்ந்ததும் தலையைக் கவ்விவிடும்.

ஆகஸ்ட் 8
1872இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து சிறு கீரி என்ற இனத்தில் ஒன்பதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1979இல் ஜப்பானின் அமாமி தீவில் ஹாபு என்ற விரியனுக்கு எதிராக இறக்கிவிட்டார்கள். ஹாபு இரவில் உலவும். கீரி பகலில் இரை தேடும். சிக்கியது அந்தத் தீவிலும் அருகிலுள்ள தோக்குனோ தீவிலும் மட்டுமே வாழும் அரிய முயல். கண்ணிகள் வைத்து, மோப்ப நாய்களைக் கொண்டு தேடி, 2024இல்தான் கீரி அற்றுப்போனதாக அறிவித்தார்கள். இதில் கீரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எப்போது விழித்திருக்கும் என்றுகூட யாரும் பார்க்கவில்லையே!

ஆகஸ்ட் 9
இன்று தாயின் வாலை ஒட்டி மூன்று குட்டிகள். தாத்தா எலிப் பாஷாணம் வைக்கப்போவதாகச் சொன்னார். செத்த எலியைத் தின்றால் கீரிக்கும் விஷம் ஏறும் என்று சொல்லிப் பொறியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.