முதல் வரியில் ஒரு பெயர்

9 ஜனவரி 2023, திங்கள்

எங்கள் நாடக விருதுக்கு அக்காவின் நடிப்பைப் பரிந்துரைக்கக்கூடியவர்களின் பெயர்களை, அவரிடம் கேட்காமலேயே எழுதத் தொடங்கிவிட்டேன். பழைய ஒத்திகைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. இவர்களில் நாடகத்தை நேரில் பார்த்தவர்கள் ஒன்பது பேர்தான். மொத்தமே இரண்டு இரவுகள், எண்பது நாற்காலிகள் கொண்ட ஓர் அறை, வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் உறவினர்கள். பார்க்காத ஒன்றை யார் பரிந்துரைப்பார்கள்? நல்லவேளையாக என் தம்பி இரண்டாம் இரவைக் கேமராவில் பிடித்து வைத்திருந்தான். அதை ஒவ்வொருவருக்கும் அனுப்பிப் பார்க்கச் சொல்லப்போகிறேன். படிவங்களைப் பிப்ரவரி 10க்குள் ஒப்படைக்க வேண்டும்.

11 ஜனவரி, புதன்

ஆறு பேரை அழைத்தேன். ஒருவர் எடுத்தார்.

14 ஜனவரி, சனி

நான்கு நாள்களாகக் கைப்பேசியைத் திறந்தால் ஒரே படத்தின் பெயர் வருகிறது. ‘டு லெஸ்லி’ என்ற அந்தப் படம் கடந்த அக்டோபரில் அமெரிக்காவில் வெளியாகி, திரையரங்குகளில் சுமார் 27,000 டாலர் மட்டுமே வசூலித்திருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் ஒரு காருக்கான உரிமைச் சான்றிதழைக்கூட அந்தப் பணத்தில் வாங்க முடியாது. அதில் நடித்த ஆண்ட்ரியா ரைஸ்பரோவைப் பற்றி எட்வர்ட் நார்ட்டன் எழுதுகிறார், குவினத் பால்ட்ரோ எழுதுகிறார், இன்னும் பலர் எழுதுகிறார்கள். விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒரு படத்துக்காக நடிகர்களே தங்கள் நண்பர்களை அழைத்துத் திரையிடுகிறார்கள்.

பிரான்சிஸ் ஃபிஷர் என்ற நடிகை கணக்கையே எழுதிவிட்டார். ஆஸ்கர் கழகத்தின் நடிகர் பிரிவில் 1,302 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 218 பேர் தங்கள் வாக்குச்சீட்டின் முதல் வரியில் ஒரு பெயரை எழுதினால் அவருக்குப் பரிந்துரை உறுதி. அந்த எண் எப்படி வந்தது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இடங்கள் ஐந்து என்பதால் ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஆறு பேர் ஒரே நேரத்தில் அந்த எண்ணிக்கையை எட்டவே முடியாது. மிகக் குறைந்த சீட்டுகளைப் பெற்றவர் விலக்கப்பட, அவருடைய சீட்டுகள் அடுத்த வரியில் உள்ள பெயருக்குப் போகின்றன. ஆகவே எல்லாருக்கும் நான்காவதாகப் பிடித்த நடிகையைவிட, சிலருக்கு எல்லாரையும்விட அதிகமாகப் பிடித்த நடிகையே உள்ளே போகிறார்.

எங்கள் விருதுக்கும் இதே முறைதான் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். இடங்கள் மூன்று, படிவம் பெறுவோர் 76 பேர். நான்கால் வகுத்தால் 19, ஒன்றைக் கூட்டினால் 20. அக்காவுக்கு இருபது முதல் வரிகள் வேண்டும்.

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கல். ஈசூனில் அக்கா வீட்டில் பால் பொங்கியபோது "பொங்கலோ பொங்கல்" என்று சொல்ல அக்காவுக்குக் குரல் எழவில்லை, பேரப்பிள்ளைகள்தான் சொன்னார்கள். சமையலறையில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது, குரல்வளையில் இருக்கும் கட்டியிலிருந்து அடுத்த மாதம் திசு எடுத்துச் சோதிக்கப்போகிறார்கள் என்றார். பிறகு என் பட்டியலைப் பற்றிக் கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோபப்படவில்லை. "நாடகத்தைப் பாருங்கள் என்று கேள், அது என் வேலைக்கு நீ செய்யும் மரியாதை. ஆனால் என் தொண்டையைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்காதே. நோயாளிக்குப் போடும் ஓட்டு எனக்கு வேண்டாம்" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன்.

16 ஜனவரி, திங்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விமர்சகர் விருதை வாங்கிய கேட் பிளாஞ்செட், மேடையில் நின்று ரைஸ்பரோவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தானே போட்டியில் இருக்கும்போது இன்னொருத்தியின் பெயரைச் சொல்வது எவ்வளவு பெரிய மனம்! மதிய இடைவேளையில் உற்சாகமாகப் பன்னிரண்டு பேருக்கு ஒளிப்பதிவை அனுப்பினேன்.

17 ஜனவரி, செவ்வாய்

பன்னிரண்டு பேரில் நால்வர் திறந்திருக்கிறார்கள். ஒருவர் இறுதிவரை பார்த்திருக்கிறார்.

22 ஜனவரி, ஞாயிறு

சீனப் புத்தாண்டு, புளோக் முழுக்க அமைதி. மூத்த நடிகர் ஒருவரை அழைத்தேன். எனக்கு மேடையில் நிற்கக் கற்றுக்கொடுத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விருதுக்கு ஆள் திரட்டுவது நம் காலத்தில் இல்லையம்மா" என்றார். நாள் முழுவதும் அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது.

ஆனால் அது எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. 1934ஆம் ஆண்டுப் படமொன்றில் பெட்டி டேவிஸ் நடித்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்காதபோது, திரைத்துறையினரிடமிருந்தே எழுந்த எதிர்ப்பால், சீட்டில் அச்சிடப்படாத பெயரையும் கையால் எழுதி வாக்களிக்கலாம் என்று கழகம் இறங்கி வந்தது. அவர் அந்த ஆண்டு வெல்லவில்லை, அடுத்த ஆண்டு வென்றார். மறுபுறம், 1960இல் வெளியான படத்துக்காகச் சில் வில்ஸ் என்ற நடிகர் சக நடிகர்களைக் குறிவைத்து வெளியிட்ட விளம்பரங்கள் அருவருப்பையே உண்டாக்கின. மெலிசா லியோ சொந்தப் பணத்தில் விளம்பரம் கொடுத்தார், பலர் முகம் சுளித்தார்கள், 2011இல் விருதும் பெற்றார். எது கேட்பது, எது கெஞ்சுவது என்ற கோடு எங்கே இருக்கிறது? "பாருங்கள்" என்பதற்கும் "எழுதுங்கள்" என்பதற்கும் இடையில் இருக்கிறது என்று இன்றிரவு நினைக்கிறேன். நான் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

24 ஜனவரி, செவ்வாய்

இரவு 9.30க்கு அறிவித்தார்கள். ரிஸ் அகமதும் அலிசன் வில்லியம்ஸும் பட்டியலை வாசித்தார்கள். ரைஸ்பரோவின் பெயர் வந்ததும் நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. 27,000 டாலர் படம்! உடனே அக்காவுக்கு எழுதினேன். "நல்லது, தூங்கு" என்று பதில் வந்தது.

26 ஜனவரி, வியாழன்

தூக்கம் பிடிக்கவில்லை. ஐந்து பேரில் வயோலா டேவிஸ் இல்லை, டேனியல் டெட்வைலரும் இல்லை. இருவரும் கறுப்பின நடிகைகள். அந்த 218 கணக்கை எழுதிய ஃபிஷர், இந்த இருவருக்கும் மிஷெல் யோவுக்கும் பிளாஞ்செட்டுக்கும் இடம் உறுதி என்று அதே பதிவில் சொல்லியிருந்தார். உறுதியான பெயரை ஏன் முதல் வரியில் எழுதி வீணாக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால்கூட அந்தப் பெயரிலிருந்து ஒரு சீட்டு கழிந்துவிடுகிறது.

டெட்வைலர் நடித்தது, 1955இல் கொல்லப்பட்ட பதினான்கு வயது எம்மெட் டில்லின் தாயாக. பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் அமெரிக்க நடிகர் சங்கமும் அவரைப் பரிந்துரைத்திருந்தன. ஆஸ்கர் வரலாற்றில் சிறந்த நடிகை விருதைப் பெற்ற கறுப்பினப் பெண் ஒரே ஒருவர், ஹாலே பெர்ரி, அதுவும் 2002இல். ரைஸ்பரோ யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய நடிப்பு உண்மையானது. ஆனால் ஒருவருக்காகப் பெரிய வீடுகளின் வரவேற்பறைகள் திறக்கின்றன, மற்றவருக்காகத் திறப்பதில்லை. திறமைக்கு முன்பாக நட்பு நடந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்து இங்கே நடிக்கும் ஒரு பெண்ணின் நினைவு வந்தது. செப்டம்பரில் அவள் நடித்த நாடகத்தைப் பார்த்த இருவர், இந்த ஆண்டு இதுபோல் யாரும் செய்யவில்லை என்றார்கள். ஒத்திகை முடிந்ததும் கடற்பாலம் கடப்பதற்காக குவீன் ஸ்திரீட்டுக்கு ஓடி 170ஆம் எண் பேருந்தைப் பிடிப்பவள். அவளுக்காக யார் அழைக்கிறார்கள்? நான் அவளுடைய நாடகத்தைப் பார்க்கவில்லை.

28 ஜனவரி, சனி

பரப்புரை விதிகள் மீறப்பட்டனவா என்று ஆஸ்கர் கழகம் ஆராயப்போகிறதாம். படத்தின் இயக்குநர் மைக்கேல் மோரிஸின் மனைவி மேரி மெக்கார்மக், தாமும் நடிகை, நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, 17ஆம் தேதிவரை தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். கணவரின் படத்துக்காக மனைவி கேட்டிருக்கிறார். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஆனால் 2014இல் புரூஸ் பிராட்டன் என்ற இசையமைப்பாளர், கழகத்தின் ஆளுநர் குழுவில் முன்பு இருந்தவர், சுமார் 70 உறுப்பினர்களுக்குத் தம் பாடலைக் கேட்கச் சொல்லி எழுதியதற்காகவே பரிந்துரையை இழந்தார். பதவியில் இருந்தவர் கேட்கும்போது கேட்பதன் எடை கூடிவிடுகிறது என்று கருதினார்கள்.

என் செய்திகளை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். "நேரம் கிடைத்தால் பாருங்கள்" என்று தொடங்கியவள், மூன்றாம் வாரத்தில் "முதல் வரியில் எழுதினால்தான் பயன்" என்று எழுதியிருக்கிறேன். நான் எழுதினேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 19ஆம் தேதி, ஒருவர் இரண்டாம் முறையும் தட்டிக்கழித்தபோது, அக்காவின் தொண்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒரே ஒருவரிடம். அதை இங்கே எழுத ஒன்பது நாள்கள் ஆகியிருக்கின்றன.

1 பிப்ரவரி, புதன்

பரிந்துரையைத் திரும்பப் பெறவில்லை. சில உத்திகள் கவலைக்குரியவை, உரியவர்களிடம் நேரடியாகப் பேசுகிறோம் என்று கழகத்தின் தலைமை நிர்வாகி பில் கிரேமர் அறிவித்திருக்கிறார். எனக்கு நிம்மதி வரவில்லை.

5 பிப்ரவரி, ஞாயிறு

தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை அக்காவுக்காகப் பால்குடம் எடுத்தேன். கிருமித்தொற்றுக் காலம் போய் மீண்டும் நடந்தே செல்லும் ஊர்வலம். வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்ற நடிகர் ஒருவர் என்னை நிறுத்தி, "படிவத்தை அனுப்பிவிட்டேன், அக்காதான் முதலில். பாவம், கேள்விப்பட்டேன்" என்றார். நான் ஒருவரிடம்தான் சொன்னேன். குடத்தை வைத்திருந்த கை நடுங்கியதால் பால் தோளில் வழிந்தது. நாடகத்தைப் பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் துணிவில்லை.

10 பிப்ரவரி, வெள்ளி

இன்றோடு படிவங்கள் முடிந்தன. என் சொந்தப் படிவத்தில் அக்காவின் பெயரை முதல் வரியில் எழுதினேன். இரண்டாம் வரியை நீண்ட நேரம் வெறுமையாக வைத்திருந்து, அப்படியே அனுப்பினேன். பார்க்காத நடிப்புக்கு எப்படி எழுதுவது?

21 பிப்ரவரி, செவ்வாய்

சோதனை முடிவு வந்துவிட்டது. மார்ச் 8 அறுவை சிகிச்சை. அதற்குமேல் எழுத மனமில்லை.

3 மார்ச், வெள்ளி

மூன்று பெயர்களில் அக்காவின் பெயர் இருக்கிறது. ஜோகூர்ப் பெண்ணின் பெயர் இல்லை.

அக்காவின் நாடக ஒளிப்பதிவில் ஒரு காட்சியை இன்று மீண்டும் பார்த்தேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை மூடிய பிறகு அக்கா நாள் வசூலை எண்ணுகிறார். ஐந்து காசு, பத்துக் காசு, ஐம்பது காசு எனத் தனித்தனி அடுக்குகளாக வைக்கிறார், கணக்கு ஒரு வெள்ளி குறைகிறது, எல்லாவற்றையும் கலைத்து மறுபடியும் எண்ணுகிறார். ஏழு நிமிடங்கள் ஒரு வசனமும் இல்லை. இரண்டாம் முறையும் குறைகிறது என்று தெரியும் கணத்தில் அவர் முகத்தில் எதுவும் நடப்பதில்லை. சுட்டுவிரல் மட்டும் மேசையின் விளிம்பைத் தடவுகிறது. அந்த விரலைப் பார்த்தவர்கள் எழுதியிருந்தால் போதும், அக்காவுக்கு உரிய இடம் இது. இருபதில் எத்தனை பேர் அந்த விரலுக்காக எழுதினார்கள் என்பதை இனி நான் ஒருபோதும் பிரித்து அறிய முடியாது. அதை நான்தான் கலைத்துவிட்டேன்.

13 மார்ச், திங்கள்

வேலைக்கு விடுப்பு. அக்காவின் படுக்கை அருகே உட்கார்ந்து காலை முழுவதும் ஆஸ்கர் பார்த்தோம். மிஷெல் யோ வென்றார். ஈப்போவில் பிறந்த பெண்! 84 வயது அம்மா கோலாலம்பூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது கடந்துவிட்டது என்று பெண்களிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று அவர் மேடையில் சொன்னபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரைஸ்பரோவும் அந்த அரங்கில்தான் இருந்தார்.

இரண்டு வாரம் பேசக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அக்கா தாளை இழுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்: "எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள்?" பதினான்கு என்று எழுதினேன். அக்கா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்க என்னிடம்தான் குரல் இல்லை.

15 மார்ச், புதன்

ஜோகூர்ப் பெண்ணின் எண்ணை ஒருவழியாகத் தேடிப் பிடித்தேன். உன் நாடகத்தைத் தவறவிட்டுவிட்டேன், ஒளிப்பதிவு இருந்தால் அனுப்பம்மா, நான் பார்த்துவிட்டு இன்னும் சிலருக்கும் காட்ட வேண்டும் என்று எழுதினேன்.

16 மார்ச், வியாழன்

பதில் வந்தது. அன்று யாரும் ஒளிப்பதிவு செய்யவில்லை அக்கா என்று எழுதியிருக்கிறாள்.