ஐபிஎஸ் செல் ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிய அனுபவம்

எங்கள் ஆய்வில் கருவும் இல்லை, கருமுட்டையும் இல்லை. பரம்பரை நரம்பு நோய் இருப்பவர்களிடம் துளி தோல் எடுத்து, அதை ஐபிஎஸ் செல்லாக, அதாவது உடலின் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து நரம்பு செல் வளர்த்து, நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் எலி செல்லிலும் 2007இல் மனித செல்லிலும் இதைச் செய்து காட்டிய பிறகு, ஸ்டெம் செல்லுக்காகக் கருவை அழிக்க வேண்டியதில்லை, நெறிமுறைச் சிக்கலே தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை ஒரு நாள் கமிட்டி முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

எங்கள் ஆய்வு எந்த வகைப் பரிசீலனையில் வரும் என்ற கேள்வி சீக்கிரமே முடிந்தது. சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில், செல் லைனை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருகும் செல்களை) ஆய்வகத் தட்டில் வளர்க்கும் வழக்கமான வேலைக்குத் தனிச் சிறப்புக் குழு வேண்டாம். ஆனால் ஆளிடமிருந்து புதிதாகத் தோல் எடுக்கிறோமே, அதற்கு வழக்கமான மனித ஆய்வுப் பரிசீலனை உண்டு. அங்கே வந்து நிற்பது ஒப்புதல் படிவம்.

தோல் கொடுத்தவர் பிற்பாடு விலகிக்கொள்கிறேன் என்றால் என்ன செய்வீர்கள் என்றார்கள் கமிட்டியில். செல் லைன் வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்குள் வேறு ஆய்வகங்களுக்கும் போயிருக்கும். அதனால் எங்களிடம் இருப்பதை அழிப்போம், வெளியே போனதையும் பிரசுரமான தரவையும் திரும்பப் பெற முடியாது என்று அப்படியே எழுதினோம். பெயரை எடுத்துவிட்டுக் குறியீடு போட்டாலும் செல்லுக்குள் அவருடைய முழு டிஎன்ஏவும் இருக்கிறதே, அடையாளம் வெளியே தெரியவே தெரியாது என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது.

நல்ல கேள்வி கேட்டவர் அறிவியலே படிக்காத ஒரு உறுப்பினர்: “இந்தத் தோலிலிருந்து கருமுட்டை செய்ய முடியுமா?” எலியில் 2012இலேயே ஐபிஎஸ் செல்லிலிருந்து முட்டை உருவாக்கிக் குட்டியே பிறக்க வைத்துவிட்டார்கள். நோய் ஆய்வுக்குச் சரி என்பவர், தன் செல்லிலிருந்து கருமுட்டையோ விந்தணுவோ உருவாக்குவதற்குச் சரி என்பார் என்று யார் சொன்னது? இனப்பெருக்க செல், செல்லிலிருந்து கரு போன்ற அமைப்பை உருவாக்குவது, விலங்குக்குள் செலுத்துவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை கட்டம் வைத்தோம். என்னைக் கேட்டால் படிவத்திலேயே உருப்படியான பக்கம் அதுதான்.

ஒப்பீட்டுக்கு நோயில்லாதவர்களின் மாதிரி யாரிடம் என்ற பேச்சும் வந்தது. ஆய்வகத்திலேயே மாணவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் உடனே கொடுப்பார்கள். வேண்டாம் என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். குளோனிங் மூலம் மனித ஸ்டெம் செல் உருவாக்கியதாகப் பொய்யாக அறிவித்த தென் கொரிய விஞ்ஞானி ஹ்வாங் வூ-சுக் விவகாரத்தில் போலித் தரவு பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அவருடைய குழுவில் வேலை பார்த்த இளம் ஆய்வாளர்களிடமிருந்தே கருமுட்டை வாங்கியதும் அதில் உண்டு. வழிகாட்டி கேட்கும்போது எந்த மாணவர் முடியாது என்பார்?

அனுமதி கிடைத்தது. அப்புறம் குடும்பங்களிடம் பேச உட்கார்ந்தால், படிவத்தின் முதல் வரியிலேயே இது சிகிச்சை இல்லை என்று இருந்தும், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதனால் குணமாகுமா? அவசரப்படாமல் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் ஸ்டெம் செல் என்ற பெயரில் கண்ணில் ஊசி போட்டுப் பார்வையை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் வந்தது. அதற்குப் பணம் கட்டியதும் அவர்கள்தான். இப்போது யாராவது வேறு இடத்து ஸ்டெம் செல் விளம்பரத்தைக் காட்டினால், சோதனை என்று சொல்லிவிட்டு உங்களிடம் பணம் கேட்கிறார்களா என்றுதான் நான் முதலில் விசாரிக்கிறேன்.