பட்டிஸ்டுட்டாவின் கணுக்கால்

ஜூன் 21 வந்தால் எனக்கு அர்ஜென்டினா கால்பந்து வீரர் கேப்ரியல் பட்டிஸ்டுட்டா ஞாபகம் வந்துவிடும். 1998இல் அது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கடற்கரை ஊரில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் இரவு 9 மணிக்கு முன்பே நூலகத்து டிவி முன்னால் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் இடம்பிடித்துவிட்டோம். உலகக் கோப்பை. பாரிஸில் அர்ஜென்டினாவும் ஜமைக்காவும் ஆடின. அர்ஜென்டினாவின் ஒர்டேகா இரண்டு கோல் போட்டு ஏற்கெனவே ஆட்டத்தை முடித்துவைத்திருந்தார். அப்புறம் கடைசி இருபது நிமிடத்துக்குள் பட்டிஸ்டுட்டா வரிசையாக மூன்று. துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு கொண்டாடுவாரே, அடுத்த ஒரு மாதம் எங்கள் மணலில் யார் கோல் போட்டாலும் அப்படித்தான் சுட்டார்கள்.

சரியாக நான்கு வருடம் முன்பு, 1994 ஜூன் 21 அன்றும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃபாக்ஸ்பரோவில் கிரீஸுக்கு எதிராக, தன் முதல் உலகக் கோப்பை ஆட்டத்திலேயே மூன்று கோல். இரண்டு தடவையும் மூன்றாவது கோல் பெனால்டி. இரண்டு வெவ்வேறு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆள் அவர்தான். அர்ஜென்டினாவுக்காக 77 ஆட்டங்களில் 54 கோல், அந்த நாட்டுக்காக அதுவரை வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. அந்தச் சாதனையை மெஸ்ஸி கடந்ததும் ஒரு ஜூன் 21தான்: 2016, ஹூஸ்டன், அமெரிக்காவுக்கு எதிராக ஃப்ரீகிக். நமக்கு மறுநாள் காலை. மெஸ்ஸிக்காக மனசார மகிழ்ந்தேன். ஆனாலும் தொண்டையில் ஏதோ அடைத்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். போன வாரம் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் வந்தான். செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் கால்பந்து, ஆடுகிறவன். வலது கணுக்கால் வீங்கி, வெளிப்பக்க எலும்பே தெரியவில்லை. மூன்றாவது தடவை பிசகியிருக்கிறது. "ஞாயித்துக்கிழமை ஃபைனல் சார். டாக்டர்கிட்ட சொல்லி ஊசி மட்டும் போடச் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கிறேன்" என்றான். இப்படி வருகிற எல்லோருக்கும் நான் பட்டிஸ்டுட்டாவின் கதையைத்தான் சொல்வேன்.

சான்டா ஃபே மாகாணத்தில் ரெகோன்கிஸ்டா என்கிற ஊரில் வளர்ந்தவர். பிறவி மேதை என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ரொசாரியோ நகரின் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கிளப்புக்கு வந்தபோது உடம்பு கனம். அங்கே இளைஞர்களைப் பழக்கிக்கொண்டிருந்த மார்செலோ பியெல்சாதான் ஓடவிட்டு ஓடவிட்டு அவரை ஸ்ட்ரைக்கர் ஆக்கினார். பிறகு ரிவர் பிளேட், அதன்பின் போகா ஜூனியர்ஸ். தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவில், 1991இல், ஆறு கோல் போட்டு அதிகக் கோல் அடித்தவர் ஆனதும் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரின் கிளப்பான ஃபியோரென்டினா கூப்பிட்டுக்கொண்டது. 1993 கோபா இறுதியில் மெக்சிகோவுக்கு எதிரான இரண்டு கோலும் அவருடையது. அதற்குப் பிறகு அர்ஜென்டினா அடுத்த கோபாவைத் தொட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்த பட்டிஸ்டுட்டா ஃபுளோரன்ஸில் இருந்தவர். 1993இல் ஃபியோரென்டினா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பெரிய கிளப் எதுவும் அவரை வாங்கியிருக்கும். அவர் அங்கேயே இருந்தார். இரண்டாம் டிவிஷனில் 16 கோல் அடித்து அணியை மேலே கொண்டுவந்தார். மேலே வந்த அதே வருடம், 1994-95இல், சீசனின் முதல் பதினோரு ஆட்டங்களிலும் கோல். பத்து ஆட்டத்தோடு பாஸ்குட்டி என்பவர் வைத்திருந்த, முப்பது வருடத்துக்கு மேல் நின்ற சாதனை அதோடு உடைந்தது. அந்த சீசன் 26 கோலோடு அவர்தான் லீக்கில் முதல் ஆள். ஒன்பது வருடம் அந்த ஊதாச் சட்டையில் ஆடியும் லீக் பட்டம் கிடைக்கவில்லை. 1999இல் அணி முதலிடத்தில் இருந்தபோது அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அதோடு அணி சரிந்தது.

31 வயசில் ரோம் நகரின் கிளப்பான ரோமாவுக்குப் போனார். 2000 நவம்பர் 26, ரோம், எதிரே ஃபியோரென்டினா. எண்பது நிமிடம் தாண்டியும் 0-0. பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்து துள்ளி வருகிறது. வலது காலால் ஒரே அடி, கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் வலையில் இறங்குகிறது. இதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ரோமாக்காரர்கள் ஓடிவந்து மேலே விழுகிறார்கள். அவர் கை உயரவில்லை. முகம் கோணுகிறது, கண் கலங்குகிறது. கோல் போட்டவரை மற்றவர்கள் தேற்றுகிறார்கள்! அந்த சீசன் ரோமா பட்டம் வென்றது, இவர் 20 கோல்.

2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல். அது அவருடைய பத்தாவது உலகக் கோப்பைக் கோல். ஸ்வீடனோடு 1-1 ஆனதும் அணி முதல் சுற்றிலேயே வெளியே. பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

இதற்கு மேல் பையனுக்கு நான் சொன்னது கோல் கணக்கு இல்லை. ஆட்டத்தை விட்ட பிறகு நடந்ததை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். விடிகாலை நான்கு மணி. கழிவறை மூன்று மீட்டர் தூரம். எழுந்து கால் ஊன்றினால் வலி கொன்றுவிடும் என்று தெரிந்து படுக்கையிலேயே சிறுநீர் கழித்திருக்கிறார். பிறகு டாக்டரிடம் போய், காலை வெட்டிவிடுங்கள் என்று கேட்டார். டாக்டர் மறுத்துவிட்டார். இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தைபோல் இருக்க வேண்டிய குருத்தெலும்பு அவருக்குத் தேய்ந்து போயிருந்தது. எலும்பும் எலும்பும் நேராக உரசிக்கொண்டிருந்தன. அந்த உரசல் எப்படி இருக்கும் என்பது என் மேஜையில் தினமும் கால் நீட்டுகிறவர்களின் முகத்தில் எனக்குத் தெரியும். நூலகத்து டிவியில் நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த ராத்திரியும் சேர்ந்துதான் அந்தக் காலைத் தேய்த்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஊசி வலியை மறைக்கும், பிய்ந்த தசைநாரை ஒட்டாது. மூன்று தடவை பிசகிய கால் ஆறு வாரமாவது கேட்கும். இதைச் சொன்னேன். பையன் ரொம்ப நேரம் பேசவில்லை.

"இப்ப அவர் நடப்பாரா சார்?"

நடக்கிறார். 2019இல் சுவிட்சர்லாந்தில் கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். சொன்னேன்.

மேஜையில் காலைத் தூக்கி வைத்தான். ரப்பர் பட்டையை எடுத்து அவன் பாதத்தில் மாட்டினேன். வெளிப்பக்கமாகத் தள்ளு, மெதுவாக, பதினைந்து தடவை.