சங்கு வளையல் தட்டு: சேமிப்பறை நாட்குறிப்பு

ஜூன் 3

பதிவேட்டில் ‘சங்கு வளையல், உடைந்தவை’ என்று ஒரே வரி. தட்டில் வளையல் துண்டுகளோடு அறுத்த கழிவும் கலந்து கிடக்கிறது. வளையலுக்கு எண் போட்டுவிட்டுக் கழிவை மூட்டை கட்டி வைப்பது பல அகழாய்வுகளில் நடந்திருக்கிறது. அது பெரிய இழப்பு. வளையல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். அந்த ஊரிலேயே சங்கு அறுத்தார்களா என்பதற்குக் கழிவுதான் சாட்சி. ஆகவே பட்டியலைக் கழிவிலிருந்து தொடங்குகிறோம்.

இன்று மண் நீக்கம் மட்டும். மென்மையான தூரிகை, மூங்கில் குச்சி, அவ்வளவுதான். ஊசியும் சிறு கத்தியும் கூடாது. அவை விடும் கீறல் பிறகு ரம்பத் தடத்தோடு குழம்பும். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தத் துண்டைத் தண்ணீரில் போடாமல் தனியே வைக்க வேண்டும்.

ஜூன் 4

இனம் காண்பது. ஒப்பிட, விலங்கியல் பிரிவிலிருந்து நெடுக்காக அறுத்த முழுச் சங்கு ஒன்று மேசையில் இருப்பது நல்லது. படம் பார்த்து முடிவெடுக்க முடியாது.

மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்கு டர்பினெல்லா பைரம். அதன் நடுத்தண்டில், அதாவது சுருள்கள் சுற்றிச் செல்லும் உள் அச்சில், மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் சுற்றி ஓடும். முட்கிளைகள் உள்ள இன்னோர் இனமான சிகோரியஸ் ரமோசஸின் நடுத்தண்டில் அந்த மடிப்பு இல்லை. தண்டு கிடைத்தால் விடை உடனே கிடைக்கும். வளையல் துண்டில் தண்டு இருக்காது. சுருளும் சுருளும் சேரும் இடத்தில் விழும் சாய்கோட்டைத்தான் தேட வேண்டும். ஹரப்பா காலக் கைவினைஞர்கள் அந்தச் சேர்க்கையின் மேலேயே ஆங்கில ‘வி’ போன்ற கீறலைச் செதுக்கி, சங்கின் குறையை அலங்காரமாக்கிவிட்டார்கள். குஜராத்தின் நாகேஸ்வர், பகஸ்ரா போன்ற பட்டறை ஊர்களை ஆராய்ந்தவர்களுக்கு இது பழகிய அடையாளம். சிகோரியஸை ஹரப்பா கைவினைஞர்கள் பெரும்பாலும் கரண்டி செய்யப் பயன்படுத்தினார்கள்.

எலும்பா, தந்தமா என்ற ஐயம் வந்தால் பத்து மடங்கு லென்ஸ் போதும். எலும்பில் நுண்துளைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். சங்கு பீங்கானைப் போல இறுக்கமாக உடைந்திருக்கும். அமிலச் சொட்டு விட்டு நுரை பார்ப்பது வேண்டாம். பழைய எலும்பிலும் நுரை வரும், பொருளில் குழியும் நிற்கும்.

ஜூன் 6

உயிரோடு எடுத்ததா, கரையில் பொறுக்கியதா? வெளிப்பரப்பில் தேன்கூடு போலச் சிறு துளைகள் இருந்தால் கடற்பஞ்சு துளைத்தது. உட்சுவரில் புழுக்குழாய் ஒட்டியிருந்தால் அந்தச் சங்கு உயிர் போன பிறகு கடலடியில் கிடந்திருக்கிறது. துளைத்த சங்கு அறுக்கும்போதே நொறுங்கும், நல்ல வளையல் தராது. பட்டறைக் கழிவில் இத்தகைய துண்டு குறைவாக இருந்தால், குளித்தெடுத்த சங்கு வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஜூன் 10

தட்டின் மையமான வேலை இன்றுதான். அறுக்கும் வரிசையைப் பின்பற்றியே கழிவைப் பிரிக்கிறோம். முதலில் சுத்தியலால் கூம்பு முனையை உடைத்து உட்சுவர்களைத் தட்டி எடுப்பார்கள். நடுத்தண்டு வெளியே வரும். அடிப்பக்க வாலை அறுத்துத் தள்ளுவார்கள். மிஞ்சும் குழலைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள். பிறகு உள்பக்கத்தை மணலிட்டுத் தேய்ப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் தனிக் கழிவு உண்டு: முனைச் சில்லு, தண்டு, வால், பாதியில் உடைந்த வளையம்.

இதே காட்சி அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் இருக்கிறது. வேள்வி செய்யாத பார்ப்பான் வாளரத்தால் (ரம்பத்தால்) அறுத்து வளையல்களைக் களைந்தபின் எஞ்சிய ‘கொழுந்து’, பகன்றைக் கொடியின் சுருண்ட அரும்புக்கு உவமை. அறுத்தவர் யார், கருவி எது, மிஞ்சியது எது என்று மூன்றும் ஒரே இடத்தில்! கொற்கைப் பகுதியில் அறுத்த சங்குக் கழிவைக் கண்டு 1914-இல் சங்கு பற்றிய தம் நூலில் எழுதினார் மீன்வள அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல். பாட்டும் மண்ணும் ஒத்துப்போகின்றன.

ஓர் எச்சரிக்கை. தண்டுகள் மட்டும் குவிந்திருந்தால் உடனே ‘வளையல் பட்டறை’ என்று எழுதக் கூடாது. தண்டு மணி செய்யவும் உதவும், அதனால் அதுவே சரக்காகப் பயணப்பட்டிருக்கலாம். முனைச் சில்லும் பாதி வளையமும் சேர்ந்து வந்தால்தான் உறுதி.

ஜூன் 11

ரம்பத் தடம். விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்த்தி வைத்தால் இணைகோடுகள் தெரியும். இரண்டு பக்கமிருந்து அறுத்த இடத்தில் சிறு படி ஒன்று நிற்கும். மெருகேறிய வளையலில் இவை அழிந்திருக்கும். அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

ஜூன் 14

விட்டம். பானை விளிம்புக்குப் பயன்படும் வட்ட வரைதாளே இதற்கும். ஆனால் சங்கு வளையம் கச்சிதமான வட்டமல்ல: சுருள் விரிந்துகொண்டே போவதால் ஒரு பக்கம் தடித்து, வளைவும் மாறும். சிறு துண்டை வைத்து உள்விட்டம் சொன்னால், ஒரே வளையலின் இரண்டு துண்டுகள் இரண்டு அளவு காட்டும். வட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான துண்டுக்கு விட்டக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. அகலமும் தடிமனும் காலிப்பரில், 0.1 மி.மீ. வரை, மூன்று இடங்களில். காலிப்பர் தாடையை அழுத்தக் கூடாது, பொடியும்.

ஜூன் 19

சில துண்டுகளில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் படலம். இது பூஞ்சை இல்லை. மர இழுப்பறையும் பிளைவுட்டும் விடும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவி ஈரக் காற்றோடு சேர்ந்து சுண்ணாம்பைத் தின்னும் கேடு, ‘பைன் நோய்’ (Byne’s disease). துடைத்துவிட்டு அதே பெட்டியில் வைத்தால் திரும்பப் பூக்கும். உறுதியான துண்டை அயனி நீக்கிய நீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, பூச்சிட்ட இரும்பு அலமாரிக்கு மாற்ற வேண்டும். பாலிஎத்திலீன் நுரை, அமிலமற்ற தாள் போதும். செய்தித்தாள், அட்டை, பஞ்சு மூன்றும் வெளியே. சென்னையின் ஐப்பசி ஈரத்துக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் கட்டாயம்.

ஜூன் 21

பொடியும் துண்டுகளுக்கு அசிட்டோனில் 3 முதல் 5 சதவீத பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். ஆனால் அதற்கு முன்பே கரிமக் காலக்கணிப்புக்கு உரியவற்றைப் பிரித்து, பூச்சும் மையும் படாமல் அலுமினியத் தாளில் மடித்து வைக்க வேண்டும். கடற்சிப்பி தரும் காலம் சில நூறு ஆண்டுகள் பழையதாகக் காட்டும், ஆழ்கடலின் பழைய கரிமம் கலப்பதால். கடற்பகுதிக்கு ஏற்ற திருத்தம் தேவை. அதே அடுக்கில் கரித்துண்டு இருந்தால் அதை முதலில் அனுப்புவதே சரி. சங்கின் சுண்ணாம்பு அரகோனைட் என்ற படிக வடிவிலிருந்து கால்சைட் என்ற வடிவுக்கு மாறியிருக்கிறதா என்று எக்ஸ்-கதிர் சோதனையில் பார்த்து, மாறியதை ஒதுக்க வேண்டும்.

எண் எழுத, அறுத்த முகமும் சேர்க்கைக் கோடும் இல்லாத இடத்தில் பி-72 ஒரு பூச்சு, காய்ந்தபின் கறுப்பு மை, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. பதிவு அட்டையில் அகழாய்வுக் குழி, அடுக்கு, ஆழத்தோடு புதிய பத்தி ஒன்று: ‘அறுப்பின் எந்தப் படி’.