சாட்சிக்கும் புலனாய்வுக்கும் நடுவே நின்றவர்கள்

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பு வழங்கிய முதல் வழக்கு, தாமஸ் லுபாங்கா மீது தொடரப்பட்ட வழக்கு. காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கிலுள்ள இதூரிப் பகுதியில், ஹேமா இனத்தவரின் பெயரால் இயங்கிய ஆயுதக் குழு ஒன்றின் தலைவர் அவர். பதினைந்து வயது நிரம்பாத சிறுவர் சிறுமியரைப் படையில் சேர்த்ததும், அவர்களைச் சண்டையில் ஈடுபடுத்தியதும் அவர் மீதான குற்றச்சாட்டு. 2006 மார்ச்சில் அவர் இந்த நீதிமன்றம் அமைந்துள்ள நெதர்லாந்தின் தி ஹேக் நகருக்குக் கொண்டுவரப்பட்டார். 2012 மார்ச் 14 அன்று குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சேலம் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தண்டனை எத்தனை ஆண்டு என்பதைவிட, சாட்சிகளைப் பற்றி நீதிபதிகள் எழுதியிருக்கும் பக்கங்களே என்னை அதிகம் வருத்துகின்றன.

இதூரி தங்கம் விளையும் மண். ஹேமா, லெந்து ஆகிய இரு இனத்தாருக்கிடையே நெடுங்காலமாக இருந்துவந்த நிலத் தகராறு, உகாண்டா, ருவாண்டா ஆகிய அண்டை நாடுகளின் தலையீட்டோடு சேர்ந்து பெரும் படுகொலைகளாக வெடித்தது. லுபாங்காவின் குழு 2002 ஆகஸ்ட்டில் இதூரியின் தலைநகரான புனியாவைக் கைப்பற்றியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் அரசுத் தரப்பு 2004-இல் விசாரணையைத் தொடங்கியபோது அப்பகுதியில் சண்டை ஓயவில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் புலனாய்வாளர் ஒரு கிராமத்துக்குள் நுழைந்து ஒரு வீட்டின் முன் நின்றால், அந்த வீட்டுக்காரர் யாரைக் காட்டிக்கொடுக்கிறார் என்று ஊர் முழுவதும் தெரிந்துவிடும். அதனால் உள்ளூர்க்காரர்கள் சிலரை இடைத்தரகர்களாக வைத்துக்கொண்டார்கள். முன்னாள் சிறார் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது, அவர்களிடம் முதலில் பேசுவது, புலனாய்வாளரிடம் அழைத்து வருவது எல்லாம் அவர்களுடைய பொறுப்பானது.

விசாரணை 2009 ஜனவரி 26 அன்று தொடங்கியது. சில நாட்களிலேயே முதல் சாட்சி கூண்டில் ஏறினார். பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் படையினர் தன்னைப் பிடித்துச் சென்றதாகக் கூறிய அவர், அன்றே தான் சொன்னது உண்மையல்ல என்றும், ஒரு தொண்டு நிறுவனத்தார் சொல்லித் தந்ததைத்தான் சொன்னதாகவும் கூறிவிட்டார். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் வந்து, முதலில் கூறியதையே சொன்னார். எதை நம்புவது?

அந்தக் கேள்வியை நாங்கள் இங்கே அடிக்கடி சந்திக்கிறோம். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து சாட்சி சொல்ல வருபவர் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து சேர்கிறார். சம்மனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்கிறார்; பெயர் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்று தேநீர் குடிக்கக்கூட நகர்வதில்லை. மாலையில் வாய்தா என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இப்படி மூன்று நான்கு முறை அலைந்தவரிடம், இடையில் யார் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்பது வழக்குக் கட்டில் எங்கும் பதிவாவதில்லை. கடைசியில் அவர் கூண்டில் ஏறித் தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். பிறழ்சாட்சி என்று எழுதி முடிக்கிறோம். குறுக்கு விசாரணையில் நானே அத்தகைய சாட்சிகளை எதிர்கொண்டிருக்கிறேன். பொய்யர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட என்னால் முடிவதில்லை. அவர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலுள்ள தொலைவை யாரோ ஒருவர் தம் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டிருப்பார். புனியாவுக்கும் தி ஹேக்குக்கும் இடையில் இருந்த தொலைவு எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

லுபாங்கா வழக்கு இருமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. 2008 ஜூனில், எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமாக அமையக்கூடிய ஆவணங்களை அரசுத் தரப்பு வெளிப்படுத்தவில்லை என்பது காரணம். பெரும்பாலும் ஐக்கிய நாடுகள் அமைப்பிடமிருந்து இரகசியம் காக்கும் நிபந்தனையோடு பெற்ற ஆவணங்கள் அவை. 2010 ஜூலையில், இடைத்தரகர் ஒருவரின் அடையாளத்தை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கும்படி நீதிபதிகள் இட்ட ஆணையை அரசுத் தரப்பு நிறைவேற்றவில்லை. இந்தக் கண்டிப்பு பாதிக்கப்பட்டோருக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்று அப்போது பலர் வாதிட்டார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. எதிரி எவ்வளவு கொடியவராக இருந்தாலும், அவருக்கு எதிரான சான்று எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டதனால்தான் உண்மை வெளியே வந்தது.

மூன்று இடைத்தரகர்கள் சாட்சிகளைப் பொய் சொல்லத் தூண்டியிருக்கலாம் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். புலனாய்வுப் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டதற்காக அரசுத் தரப்பைக் கடுமையாகக் கண்டித்தார்கள். முன்னாள் சிறார் வீரர்கள் என்று அழைத்து வரப்பட்டவர்களில் ஏறத்தாழ அனைவருடைய வாக்குமூலங்களும் ஒதுக்கி வைக்கப்பட்டன. சிறாருக்காகவே நடந்த வழக்கில், அந்தச் சிறாரின் சொல் தீர்ப்பில் இடம்பெறாமல் போனது. அவர்களில் சிலர் உண்மையிலேயே துப்பாக்கி சுமந்தவர்களாக இருந்திருக்கலாம். இடையில் நின்றவர்கள் அந்த உண்மையோடு பொய்யைக் கலந்ததால் அவர்களுடைய சொந்த அனுபவமும் சேர்ந்து செல்லாததாகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

குற்றத்தை நிரூபிக்க எஞ்சியிருந்த சான்றுகளில் காணொளிகள் முக்கியமானவை. 2003 பிப்ரவரி 12 அன்று ருவாம்பாரா பயிற்சி முகாமில் எடுக்கப்பட்ட காணொளியில், இராணுவ உடையணிந்த லுபாங்கா புதிதாகச் சேர்ந்தவர்கள் முன் நின்று அவர்களை ஊக்கப்படுத்திப் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் பார்த்த மாத்திரத்திலேயே பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் என்று தெரிவதாக நீதிபதிகள் குறித்தார்கள். வயதை இவ்வாறு கண்ணால் பார்த்து முடிவு செய்யலாமா என்று ஒரு வழக்கறிஞர் கேட்பது இயல்பு. நம் நாட்டில் இளையோர் நீதிச் சட்டப்படி முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை. அந்தச் சோதனையிலும் இரண்டு ஆண்டு முன்பின் பிழை நேரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதூரியில் பள்ளிப் பதிவேடுகளை நம்பியிருக்க முடியாது. ஆகவே எல்லைக்கோட்டில் நிற்பவர்களை விட்டுவிட்டு, எந்த ஐயத்துக்கும் இடமில்லாத அளவுக்குச் சிறியவர்களாகத் தெரிந்தவர்களை மட்டும் நீதிபதிகள் கணக்கில் கொண்டார்கள். அந்த அணுகுமுறை சரியானது என்றே கருதுகிறேன்.

இந்த வழக்கின் பெரிய குறை வேறொன்று. முகாம்களில் சிறுமியர் பாலியல் வன்முறைக்கு ஆளானதைப் பற்றிச் சாட்சிகள் பேசினார்கள்; குற்றச்சாட்டில் அது சேர்க்கப்படவே இல்லை. கோஸ்டாரிகாவைச் சேர்ந்த நீதிபதி எலிசபெத் ஓடியோ பெனிட்டோ தம் மாறுபட்ட கருத்தில் அதைத் தனியே பதிவு செய்தார். அதே குழுவின் தளபதிகளில் ஒருவரான போஸ்கோ நிடகாண்டா 2013-இல் ருவாண்டா தலைநகர் கிகாலியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தானே சென்று சரணடைந்தார். அவர் மீதான வழக்கில் அந்தக் குறை களையப்பட்டது. தம் படையிலிருந்த சிறுமியருக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையும் போர்க்குற்றமே என்று சேர்த்துத் தீர்ப்பளித்து, 2019-இல் அவருக்கு 30 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள்.

லுபாங்கா 2020 மார்ச்சில் தண்டனைக் காலம் முடிந்து விடுதலையானார். 2025-இல் இதூரியை மையமாகக் கொண்டு புதிய ஆயுத இயக்கம் ஒன்றை அறிவித்தார். தண்டனை பயனற்றது என்று கூற இதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். குற்றச்சாட்டு குறுகலாகவும் சான்று பலவீனமாகவும் இருந்த ஒரு வழக்கில் 14 ஆண்டுகளே கிடைத்தன என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சேலம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களில் போரை நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் இந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள் அல்ல. எனவே இலங்கையில் நடந்தவை அங்கே செல்வது எளிதல்ல. ஆனால் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அந்தப் போரில் சிறார் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டதும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு சாட்சியம் திரட்டப் புறப்படும் நம் இளைஞர்களிடம் நான் வேண்டுவது இவைதான்: சொல்பவரின் வார்த்தையைத் திருத்தாதீர்கள். பிறர் சொன்னதை அவர் வாயில் வைக்காதீர்கள். தேதி நினைவில்லை என்றால் அவ்வாறே எழுதுங்கள். உடன் இருந்தவர் யார், எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் கருவியில் பதிவு செய்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். ஒளிப்படமோ காணொளியோ கிடைத்தால் மூலக் கோப்பை வெட்டாமல் சுருக்காமல் காத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பிரதியை வைத்துக்கொண்டு அதை யார் எடுத்தது என்று பிறகு எந்த நீதிபதியிடமும் நிறுவ முடியாது.