மேற்குச் சன்னல்

மார்ச் 3
மேட்டுப்பாளையம் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் வெறும் தரை. ஒரு துளசி கூட இல்லை.

மார்ச் 4
அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கினார். நானும்.

மார்ச் 7
கோத்தகிரியில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினேன், குஞ்சப்பனை தாண்டுவதற்குள் அது மடிக்கு வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறரை டிகிரி கூடும் என்று பள்ளியில் படித்த கணக்குப்படி பார்த்தால் நாங்கள் பத்து டிகிரி வெயிலுக்குக் குடிபோகிறோம். அப்பாவுக்கு ஒதுக்கிய அறையின் சன்னல் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு உள்பக்கச் சுவரில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். கீழே போனால் மூச்சு லேசாகும் என்று டாக்டர் சொன்னார், சரி. இந்தச் சுவரை அவர் தொட்டுப் பார்க்கவில்லையே.

அந்தச் சன்னலுக்கு வெளியே ஏதாவது பச்சையாக நிற்க வேண்டும். மற்ற செடியெல்லாம் அப்புறம்.

மார்ச் 9
நர்சரி. நிழல் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றேன். “இதை வைங்க அம்மிணி, ஆறே மாசத்துல மதில் மாதிரி நிக்கும்” என்று அவர் காட்டியது கோனோகார்பஸ். குஜராத்தில் 2023இலேயே தடை செய்தார்கள், இங்கேயும் நடக்கூடாது என்று ஆணை வந்தாயிற்று. மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்பதும் அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. எங்கள் வீட்டுக்கா அது! பக்கத்திலேயே தொட்டியில் உண்ணிச்செடி, அறுபது ரூபாய். மலையில் காட்டை விழுங்கிக்கொண்டிருப்பதை வேரோடு பிடுங்கத் திணறுகிறார்கள், கீழே காசு கொடுத்து வாங்குகிறோம். இட்லிப்பூவும் விசாரித்தேன். சுண்ணாம்பு மண்ணில் அதற்கு இரும்புச் சத்து ஏறாது, இலை மஞ்சளாகிவிடும். எங்கள் மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல்தான் வருகிறது.

ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

மார்ச் 12
“வாசல்ல இருக்கற நீலத்தைப் பேத்து எடுத்துக்கலாம்ல கண்ணு?”

அம்மா வைத்த ஹைட்ரேஞ்சியா. அதன் நீலம் செடியுடையது மட்டுமல்ல, இந்த மலை மண்ணுடையது. தேயிலைக்குப் பிடித்த இந்தப் புளித்த மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குப் போகும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். அதுவும் பூத்தால்தான். சித்திரை வெயிலில் மத்தியானம் ஆனாலே இலை தொங்கிப்போகும்.

பார்க்கலாம்ப்பா என்றேன்.

மார்ச் 13
இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 17
வேம்பு, புங்கம், மகிழம். பேரைச் சொன்னதுமே அப்பா “எத்தனை வருசமாகும்?” என்கிறார். புங்கன் நிழல் தர நாலைந்து வருஷம், மகிழம் அதைவிட மெள்ள வளரும். நான் பேச்சை மாற்றி, வேம்பைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்கணுமாம் என்றேன். அவர் தலையாட்டினார்.

யாரைக் கேட்டாலும் இந்த வெயிலில் நடாதே, ஐப்பசி மழை விழட்டும் என்கிறார்கள். அந்தப் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான், அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. ஐப்பசிக்கு ஏழு மாதம் இருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

மார்ச் 20
அக்காவோடு போனில் சண்டை. வேலியோரம் அரளி வைத்தால் தண்ணீர் கேட்காது, ஆடு வாய் வைக்காது என்கிறாள். ஆடு ஏன் வாய் வைப்பதில்லை என்று யோசிக்க மாட்டாளா? இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். அவள் பையனோ கையில் கிடைத்ததைக் கடித்துப் பார்க்கிற வயது. மாமா போனை வாங்கி, பின்னால் நாலு வாழையும் ஒரு பலாவும் வை என்றார். யானை நடமாடும் கல்லாறு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது மாமா, பலா பழுத்தால் முதல் பங்கு யானைக்குத்தான், அதுவும் மதிலோடு சேர்த்து.

கறிவேப்பிலை மட்டும் எல்லோருக்கும் சம்மதம். காரமடைப் பக்கம் காடு காடாகப் போடுகிறார்கள், வராமலா போகும்.

மார்ச் 24
அப்பாவுக்கு ஆக்ஸிஜன் 88. ராத்திரி 86.

மார்ச் 26
மரத்தை விட்டுவிட்டேன். கொடிதான். மேற்குச் சன்னலுக்கு வெளியே பந்தல், அதில் பீர்க்கும் சங்குப்பூவும். தண்ணீர் மட்டும் தவறாமல் விட்டால் இரண்டு மாதத்தில் மூடிவிடும். இரண்டு மாதம் என்பது கேட்கக்கூடிய அளவுதானே. மூலையில் ஒரு முருங்கைப் போத்து, காற்றில் ஒடிந்தாலும் மறுபடி துளிர்க்கும். மகிழங்கன்றும் ஒன்று வாங்கினேன், ஏன் என்று கேட்டால் தெரியாது.

சங்கு விதைக்குத் தோல் கெட்டி. ராத்திரி டம்ளரில் ஊறவைத்தேன். அப்பா மாத்திரை டம்ளர் என்று எடுத்துவிட்டார். “என்ன இது?” நீலமாகப் பூக்கும்ப்பா என்றேன்.

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். “அது வேற நீலம்.”

மார்ச் 27
ஊன்றியாயிற்று. குழிக்குச் சாணி எரு, மேலே தென்னை மட்டையை வெட்டி மூடாக்கு. பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் தண்ணீர் விடுகிறேன் என்றார்.

ஏப்ரல் 4
போன் வந்தது. பீர்க்கு எல்லாம் வந்துவிட்டதாம், சங்கில் மூன்று.

ஏப்ரல் 8
ஹைட்ரேஞ்சியாவைப் பேர்க்கவில்லை. இரண்டு குச்சி வெட்டி, வாசல் மண்ணையே சாக்கில் அள்ளித் தொட்டியில் வைத்திருக்கிறேன். வடக்குப் பக்கம் நிழலில் வைக்கலாம். பிழைக்கும் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு வேன்.

ஏப்ரல் 11
வெயில். சன்னலில் நனைத்த சாக்கு.

ஏப்ரல் 19
பீர்க்கு ஒரு முழம், சங்கு ஒரு சாண். அப்பா அளக்கச் சொன்னார். சாயங்காலம் திரும்பவும் அளக்கச் சொன்னார்.