ஃபீல்டு டெஸ்ட்: எந்த முறை யாருக்கு?

சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பது என் வேலை. நேரே பார்க்கும்போது சுற்றிலும் எங்கெங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பார்க்கும் சோதனை அது. கிளாகோமா (கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைக் குறைக்கும் நோய்) சந்தேகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அடுத்து என் இருட்டறைக்குத்தான் வருவார்கள். "இதுல எதும்மா நல்ல டெஸ்ட்டு?" என்று சொந்தக்காரர்கள்கூடப் போனில் கேட்கிறார்கள்.

எதிரே உட்கார்ந்து ஓரத்தில் விரலை நீட்டிப் பார்க்கும் முறையில் பெரிய இழப்பு மட்டுமே பிடிபடும். பழைய கோல்ட்மேன் கருவியில் வெளிச்சப் புள்ளியை ஆள்தான் நகர்த்த வேண்டும். எடுப்பவர் கை சரியில்லை என்றால் படமும் சரியாக வராது.

இப்போது பெரும்பாலும் ஹம்ப்ரி என்ற கம்ப்யூட்டர் கருவிதான். அதில் 24-2 என்ற சோதனை, பார்வைப் பரப்பில் ஆறு டிகிரி இடைவெளியில் 54 இடங்களைச் சோதிக்கும். சோதிக்கும் வேகத்திலும் வகை உண்டு. சிட்டா ஸ்டாண்டர்டு கொஞ்சம் நீளம். சிட்டா ஃபாஸ்ட் சீக்கிரம் முடியும். ஸ்டாண்டர்டில் துல்லியம் கொஞ்சம் கூடுதல் என்பார்கள். இருக்கலாம். பாதியிலேயே கண் சொருகுகிறவருக்கு அந்தத் துல்லியத்தால் என்ன பயன்? வயதானவர்களுக்கு ஃபாஸ்ட் போதும் என்பது என் கட்சி.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், வெளிச்சம் தெரிந்தால் அழுத்த வேண்டிய பட்டனைப் பிடித்தபடி, "ஏம்மா, கரண்ட் போயிருச்சா? லைட்டே வரல" என்றார். மெஷின் வேலையே அதுதான். தெரியத் தெரிய வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல கண்ணுக்கே பாதிக்குப் பாதி தெரியாது. இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் பயந்துபோய் வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை அலைய விடுவார்கள், இல்லையென்றால் சும்மா அழுத்தித் தள்ளுவார்கள். இரண்டிலும் ரிப்போர்ட் வீண். இமை தொங்கினால் மேல்பாதி கறுப்பாக வரும். அதை நோய் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு துண்டு பிளாஸ்திரியால் இமையைத் தூக்கி ஒட்டிவிடுவேன்.

அந்தப் பட்டறைக்காரருக்கு டாக்டர் 10-2 என்ற சோதனையும் கேட்டிருந்தார். 24-2 வைக்கும் புள்ளிகளில் நடுப் பத்து டிகிரிக்குள் விழுவது 12 மட்டுமே. 10-2 அதே இடத்தில் இரண்டு டிகிரிக்கு ஒன்றாக 68 புள்ளி வைக்கிறது. நாள் முழுக்கக் கொலுசுக் கண்ணியைப் பற்றவைக்கிறவருக்கு அந்த நடுப்பகுதிதானே பிழைப்பு!

ஏற்காடு எஸ்டேட் பக்கம் முகாம் போட்டால் எஃப்.டி.டி. வசதி. சின்னக் கருவி, கோடு கோடாக மினுக்கும். இருட்டறை வேண்டாம், சீக்கிரம் முடியும். சந்தேகப்படுகிறவர்களைப் பிரித்தெடுக்க நல்லது. நோய் கூடுகிறதா என்று வருஷக்கணக்கில் பார்க்க ஹம்ப்ரிதான் கைகொடுக்கும். தலையில் மாட்டும் வி.ஆர். கருவிகளும் வந்துவிட்டன. கூன் விழுந்தவர்கள் ஹம்ப்ரியின் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கப் படும் பாட்டுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் ஒரு கருவியில் வந்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்துப் பார்த்து, கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதனால் வரும்போது பழைய ரிப்போர்ட்டை எடுத்து வாருங்கள். எந்த முறையில் எடுத்தது என்று அதிலேயே அச்சாகியிருக்கும். முடிந்தவரை அதையே போட்டு எடுக்கிறேன்.